கோட்டுக்குக் கீழே எல்லாம் சிவப்பா?

விரிதாளில் விளக்கப்படம் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிக் கிடக்கிறது. ஏறியிறங்கும் எண்களைப் பரப்புப் படமாக வரைந்தால், பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலே இருப்பதற்குப் பச்சை, கீழே இருப்பதற்குச் சிவப்பு. பார்த்த மாத்திரத்தில் புரியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பட்டைப் படங்களில் குறை மதிப்புக்குத் தனி நிறம் தருவதற்கு எக்செல்லிலேயே ஒரு தேர்வு உண்டு. 2010 பதிப்பு முதல் அந்த இரண்டாம் நிறத்தை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். பரப்புப் படத்துக்கு அந்த வசதி கிடையாது. இதை மென்பொருளின் பெருங்குறையாகப் பேசி, அதைச் சுற்றிக்கொண்டு போக வழிகள் கண்டுபிடித்து, அவற்றை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தும் வருகிறார்கள். இந்த வழக்கத்தைத்தான் இங்கே மறுக்கிறேன். குறி பார்த்து நிறம் பூசுவது, பெரும்பாலான படங்களில், வாசகர் ஏற்கெனவே கண்டுகொண்டதையே திருப்பிச் சொல்கிறது. அதோடு எண்களில் இல்லாத ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பரப்புப் படத்தில் அதைச் சாதிக்கக் கையாளும் வழிகளோ பரப்பையே தப்பாக வரைகின்றன.

பொதுவாகப் பேசினால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்பதால், ஊரறிந்த ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை இந்திய வானிலை ஆய்வுத் துறை நீண்டகாலச் சராசரியின் விழுக்காடாக ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2013இல் 106, அடுத்த ஆண்டு 88, 2015இல் 86. பிறகு 97, 95, 91. 2019இல் 110, 2020இல் 109, 2021இல் 99, 2022இல் 106, 2023இல் 94, 2024இல் 108. ஒவ்வொன்றிலும் நூறைக் கழித்தால் சராசரியிலிருந்து விலகிய அளவு கிடைக்கும்: 6, -12, -14, -3, -5, -9, 10, 9, -1, 6, -6, 8. நாளிதழ்களிலும் அலுவலக அறிக்கைகளிலும் பச்சை சிவப்பாகப் பார்த்துப் பழகிய வகைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை கிடைக்காது.

வழக்கப்படி வண்ணம் பூசிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு சிவப்பாகிவிடும். அதிலும் 2014 முதல் 2018 வரை இடைவெளியில்லாத ஒரே செந்நிறப் பட்டை. நாடு ஐந்தாண்டுகள் தொடர்ந்து வறட்சியில் கிடந்தது என்று படம் சொல்கிறது. அந்த எண்களை வெளியிட்ட துறை அப்படிச் சொல்லவே இல்லை. அதன் வகைப்பாட்டில் 96 முதல் 104 வரை இயல்பான மழை. 90 முதல் 95 வரை இயல்புக்குக் குறைவு. 90க்கும் கீழே போனால்தான் பற்றாக்குறை. ஆக 2016 இயல்பான ஆண்டு. 2017ம் 2018ம் சற்றே குறைந்தவை. 2014ம் 2015ம்தான் உண்மையில் மழை பொய்த்த ஆண்டுகள். இந்த வேறுபாடு முழுவதையும் ஒரே சிவப்பு விழுங்கிவிட்டது. நாடளவிலான பருவமழை ஆண்டுக்கு ஆண்டு சராசரியிலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காடு ஊசலாடுவது அதன் இயற்கை. அந்த ஊசலில் ஒரு விழுக்காடு கீழே நின்ற 2021க்கும், பதினான்கு விழுக்காடு கீழே போன 2015க்கும் ஒரே நிறம் என்றால் அந்த நிறத்தால் என்ன பயன்?

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: ஆழம் எவ்வளவு என்பதைப் பரப்பின் உயரம் காட்டுகிறதே, நிறம் எந்தப் பக்கம் என்பதை மட்டும்தானே சொல்கிறது? அங்கேதான் வாதம் தன் காலைத் தானே வாருகிறது. எந்தப் பக்கம் என்பதையும் அதே உயரம்தான் சொல்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பது மிகை, கீழே இருப்பது குறை. ஆறாம் வகுப்பு எண்கோட்டிலிருந்தே இது எல்லோருக்கும் தெரியும். சரி, ஒரே செய்தியை இரண்டு வழிகளில் சொல்வதில் என்ன கேடு, அழுத்தம் கூடுகிறதே என்பார்கள். ஒரே செய்தியாக இருந்தால் கேடில்லை. இங்கே அப்படி இல்லை. உயரம் படிப்படியாக மாறுகிறது. நிறம் ஒரே இடத்தில் வெட்டித் தாவுகிறது. +1க்கும் -1க்கும் இடையே எண்கள் காட்டுவது சிறு நகர்வு. நிறங்கள் காட்டுவது பெரும் பிளவு. -1க்கும் -14க்கும் இடையே எண்கள் காட்டுவது பெரும் பள்ளம். நிறம் காட்டுவது ஒன்றுமில்லை. கண் முதலில் பிடிப்பது நிறத்தைத்தான் என்பதால், சண்டை வந்தால் நிறமே ஜெயிக்கும்.

வானிலைத் துறையின் மாவட்டவாரி மழை வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கேயும் நிறங்கள் உண்டு. ஆனால் அவை பூஜ்ஜியத்தில் பிரிவதில்லை. சராசரியைவிட 19 விழுக்காடு கூடினாலும் 19 விழுக்காடு குறைந்தாலும் அந்த மாவட்டம் பச்சைதான், அதாவது இயல்பு. 20 விழுக்காட்டுக்கு மேல் கூடும்போது நீலம் வருகிறது, 20 விழுக்காட்டுக்கு மேல் குறையும்போது சிவப்பு வருகிறது. மழையை அளப்பதே தொழிலாக உள்ளவர்கள் எல்லைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தொழிலின் அனுபவம் எங்கே கோடு போட்டதோ அங்கேதான் நிறம் மாறுகிறது. கழித்தல் குறி எங்கே முளைத்ததோ அங்கே அல்ல.

அந்தப் பூஜ்ஜியமாவது அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. மழை விலகலில் பூஜ்ஜியம் என்பது ஒரு சராசரி. சராசரியை அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். 2019 வரை துறை பயன்படுத்தியது 1951 முதல் 2000 வரையிலான சராசரி, 89 செ.மீ. 2020இலும் 2021இலும் 1961 முதல் 2010 வரையிலானது, 88 செ.மீ. 2022 முதல் 1971 தொடங்கி 2020 வரையிலானது, 87 செ.மீ. மேலே கொடுத்த பன்னிரண்டு எண்களுக்கு அடியில் உண்மையில் மூன்று பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. விரிதாளின் கட்டத்தில் அது தெரிவதில்லை. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய சராசரியான 880.6 மி.மீ.க்கு அது 99 விழுக்காடு, அதாவது சுமார் 872 மி.மீ. ஓராண்டு கழித்து வந்த புதிய சராசரி 868.6 மி.மீ. அதோடு ஒப்பிட்டால் அதே மழை கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. ஒரு துளி கூடவோ குறையவோ இல்லை, சிவப்பு பச்சையாகிவிட்டது. உயரத்தில் மட்டும் பார்த்தால் இது மிகச் சிறிய நகர்வு. நிறத்தில் பார்த்தால் கெட்ட ஆண்டு நல்ல ஆண்டாகிவிட்டது.

இதுவரை சொன்னது எந்த வகைப் படத்துக்கும் பொருந்தும். பரப்புப் படத்துக்கென்று தனியாக ஒரு வம்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தந்திரத்தைக் கற்றுத்தருகிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. எண்களை இரண்டு வரிசைகளாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒன்றில் மிகை எண்களை அப்படியே வைத்து, குறை எண் வரும் இடத்தில் பூஜ்ஜியம். மற்றதில் குறை எண்களை வைத்து, மிகை வரும் இடத்தில் பூஜ்ஜியம். மேக்ஸ், மின் என்ற இரண்டு சூத்திரங்களில் வேலை முடிந்துவிடும். இரண்டு வரிசைகளையும் பரப்பாக வரைந்து இரண்டு நிறம் கொடுத்தால், கேட்டது கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் கோட்டைக் கடக்கும் இடங்களை உற்றுப் பாருங்கள். 2013இல் 6, 2014இல் -12. இரண்டையும் ஒரே நேர்கோட்டால் இணைத்தால் அது மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே பூஜ்ஜியத்தைக் கடந்துவிடும். அதற்கு முன்னால் உள்ள பச்சை முக்கோணத்தின் பரப்பு 1, பின்னால் உள்ள சிவப்பு முக்கோணத்தின் பரப்பு 4. பிரித்த வரிசைகளிலோ பச்சை 6இலிருந்து அடுத்த ஆண்டின் பூஜ்ஜியம் வரை சாவகாசமாகச் சரிகிறது. சிவப்பு முந்தைய ஆண்டின் பூஜ்ஜியத்திலிருந்தே இறங்கத் தொடங்கிவிடுகிறது. பச்சையின் பரப்பு 3 ஆகிறது, சிவப்பின் பரப்பு 6. ஒரே காலத்தில் மழை கூடியதாகவும் குறைந்ததாகவும் படம் சாட்சி சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊதிப்போவதால் கூட்டிக் கழித்த மிச்சம் சரியாகவே வந்து நிற்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

2021இல் நிலைமை இன்னும் மோசம். முன்னால் 9, பின்னால் 6, நடுவே -1. நேர்கோடுகளால் இணைத்தால் கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்ப்பது ஓராண்டு அகலத்தில் கால் பங்குகூட இல்லாத சிறு முனை. பிரித்த வரிசையில் அதே முனை 2020 தொடங்கி 2022 வரை முழுதாக இரண்டாண்டு அகலத்துக்குப் பரந்து விரிகிறது. பரப்பைக் கணக்கிட்டால் சிவப்பு எட்டு மடங்குக்கும் மேல். பரப்புப் படம் என்ற வகையே பரப்பைக் கண்ணால் அளக்கத்தான் இருக்கிறது. அதன் பரப்பை எட்டு மடங்கு தப்பாக வரைந்துவிட்டு, தெளிவுக்காகச் செய்தேன் என்று சொல்வதை எப்படி ஏற்பது?

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு இரண்டு திருத்தங்கள் சொல்வார்கள். கடக்கும் புள்ளியைக் கணக்கிட்டு, அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை சேர்த்து, கிடை அச்சைத் தேதி அச்சாக மாற்றிவிடலாம் என்பது ஒன்று. செய்தால் முக்கோணங்கள் சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது? ஒரு பருவத்தின் மொத்த மழை செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடிவிடும் கணக்கு. 2013இன் கணக்குக்கும் 2014இன் கணக்குக்கும் நடுவே பூஜ்ஜியத்தைத் தொட்ட ஒரு நாள் என்று எதுவும் இருந்ததில்லை. நிறத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று நடக்காத ஒன்றை அட்டவணையில் எழுதிவைக்கிறோம். ஆண்டு மொத்தங்களுக்குப் பட்டைப் படமே உரியது. ஒவ்வொரு பட்டையும் தனித்து நிற்பதால் இடையில் புனைவதற்கு ஒன்றும் இல்லை. மற்றொரு திருத்தம், ஒரே வரிசையை வைத்துக்கொண்டு கிரேடியன்ட் நிரப்பியை ஒரே இடத்தில் சட்டென்று நிறம் மாறும்படி அமைப்பது. 2018 வரையிலான எண்களில் உச்சம் 6, அடி -14. மொத்த உயரம் 20. எனவே மேலிருந்து 30 விழுக்காட்டில் நிறத்தை மாற்றினால் பூஜ்ஜியத்தில் சரியாக உட்காரும். அடுத்த ஆண்டு 10 வந்து சேர்கிறது. உயரம் 24 ஆகிறது. 30 விழுக்காடு என்ற அமைப்போ அப்படியே நிற்கிறது. நிறம் மாறும் இடம் இப்போது பூஜ்ஜியம் அல்ல, +2.8. நல்ல மழை பெய்த ஒவ்வொரு ஆண்டின் பச்சைக்கு அடியிலும் ஒரு சிவப்புப் பட்டை படிந்துவிடும். எண் மாறினால் படம் தானாக மாறும் என்பதற்காகத்தானே விரிதாளையே பயன்படுத்துகிறோம்?

கணக்குப் பிழையைவிடப் பெரிது தீர்ப்புப் பிழை. பச்சையும் சிவப்பும் வெறும் இரண்டு நிறங்கள் அல்ல. நல்லது, கெட்டது என்ற பொருளைச் சுமந்துகொண்டே வருகின்றன. இந்தப் படத்தில் 2018க்குச் சிவப்பு. அந்த ஆகஸ்டில்தான் கேரளம் 1924க்குப் பிறகு காணாத வெள்ளத்தில் மூழ்கியது. 2015க்கும் சிவப்பு. அந்த ஆண்டின் இறுதியில், இந்தப் படத்துக்குள் வராத வடகிழக்குப் பருவமழையில், சென்னை மூழ்கியது. மறுபக்கம், சராசரிக்கு மேலே பெய்வதெல்லாம் பச்சை என்பதும் விவசாயியிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல. அறுவடை நேரத்து மிகுமழையை யாரும் பச்சையாகப் பார்ப்பதில்லை. மழையில் மட்டும் அல்ல. நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறை எந்திரங்களின் இறக்குமதியால் கூடியதா, தங்கத்தின் இறக்குமதியால் கூடியதா என்று கேட்காமல் சிவப்புப் பூசுவது பொருளாதாரத்தைப் பேசுவதாகாது. நிறங்கள் சுமக்கும் அந்தப் பொருள்கூட உலகத்துக்குப் பொதுவானதல்ல. சீனாவிலும் ஜப்பானிலும் பங்குச் சந்தைப் பலகையில் சிவப்பு என்றால் ஏற்றம்.

எதிர்வாதங்களில் வலுவானது, இந்த மரபுக்கு வரலாறே துணை நிற்கிறது என்பது. 1786இல் வில்லியம் பிளேஃபேர் வெளியிட்ட வணிக அரசியல் வரைபடத் தொகுப்பில் டென்மார்க், நார்வே ஆகியவற்றோடு இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய வர்த்தகம் புகழ்பெற்ற படமாக இருக்கிறது. ஏற்றுமதி ஒரு கோடு, இறக்குமதி ஒரு கோடு. அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பு, இங்கிலாந்துக்குச் சாதகமான காலத்துக்கும் பாதகமான காலத்துக்கும் தனித்தனியே வண்ணம் தீட்டப்பட்டது. ஆனால் பிளேஃபேர் செய்ததையும் நாம் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பூஜ்ஜியக் கோட்டில் தொங்கவிடவில்லை. இரண்டு அளவுகளையும் முழுதாகக் காட்டினார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் கணக்கு எழுதியவரின் வசதிக்காக வந்த பூஜ்ஜியமல்ல, இரண்டு உண்மையான தொகைகள் சமமான இடம். அதற்கும் மேலே, எந்தப் பரப்பு சாதகம், எது பாதகம் என்பதை நிறத்திடம் விட்டுவிடாமல் அந்தப் பரப்பிலேயே எழுத்தில் எழுதினார். வரவும் செலவும் போல இரண்டு கோடுகள் ஒன்றையொன்று முந்தும் படங்களில் இடைப்பரப்புக்கு இரண்டு நிறம் கொடுப்பதை நானும் எதிர்க்கவில்லை. வங்கிக் கணக்கில் இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதும் அப்படித்தான். அங்கே கோட்டைத் தாண்டினால் வட்டி ஓடத் தொடங்குகிறது, எல்லை நிஜமானது.

இடம் போதாத படங்கள் இன்னொரு விலக்கு. பல வரிசைகளைக் குறுகிய பட்டைகளாக அடுக்கும் தொடுவானப் படங்களில் குறை மதிப்புகளை மடித்து மேல்பக்கமே வரைகிறார்கள். குறியைச் சொல்ல அங்கே நிறத்தைத் தவிர வேறு வழியில்லை. காலநிலை ஆய்வாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரப்பிய வெப்பக் கோடுகளில் உயரமே கிடையாது. நீலமும் சிவப்பும்தான் எல்லாம், அதுவும் வெப்பத்தின் அளவுக்கேற்பப் பல படிகளாக. இவை என் வாதத்தை முறிக்கவில்லை. உயரம் பேசாத இடத்தில் நிறம் பேசட்டும். உயரம் தெளிவாகப் பேசும்போது குறுக்கே பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நிறப் பார்வைக் குறையை முன்வைத்தால் கிடைக்கும் பதில் வேடிக்கையானது. ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது சிரமம். மற்ற இனத்தவரிடையே விகிதம் குறைவு என்றாலும் ஒரு பெரிய அலுவலகத்தில் அப்படிச் சிலராவது இருப்பார்கள். நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக்கூடாது என்று இணைய அணுகல் நெறிமுறைகளும் சொல்கின்றன. உடனே, கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடுமே என்பார்கள். அவர்களுக்குப் புரியுமென்றால் எல்லோருக்கும் புரியும். அப்படியானால் நிறம் எதற்கு? கறுப்பு வெள்ளை நகலாகக் கைமாறும் அறிக்கைகளிலும் இதே கேள்விதான்: சாம்பலாகிப்போன இரண்டு நிறங்களும் வாசகருக்குச் சொல்லிய கூடுதல் செய்தி என்ன?

கடைசியாக, மேலதிகாரிக்கு நேரமில்லை, ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பது. நேரமில்லாதவருக்குத்தான் சரியான பார்வை தேவை. ஏழு சிவப்பைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர் ஏழு கெட்ட ஆண்டுகள் என்ற எண்ணத்தோடுதான் போவார். உட்கார்ந்து எண்களைப் படிப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. நேரமில்லாதவரின் அந்த ஒரு பார்வையை எதில் செலவழிப்பது என்பதுதான் படம் போடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவைக் கழித்தல் குறியிடம் ஒப்படைப்பது வேலையைத் தட்டிக்கழிப்பது.

ஆகவே அடுத்த பருவமழைக் கணக்கு வந்ததும் விரிதாளைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரப்பை விட்டுப் பட்டையை எடுங்கள். எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே அடங்கிய நிறம் போதும். எந்தச் சராசரியோடு ஒப்பிட்டீர்கள் என்பதை அச்சுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 96இலும் 104இலும் மெல்லிய கோடுகள் இழுங்கள். சிவப்பை 90க்குக் கீழே போன ஆண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டால் 2013 முதல் 2024 வரையிலான படத்தில் சிவப்பாக நிற்பவை இரண்டே ஆண்டுகள்: 2014, 2015.